ஒட்டகத்தைக் கட்டாத தவக்குல்

 

டிசம்பர் 26 நெருங்கும்போதெல்லாம் நம் சமுதாயத்தின் கைப்பேசிகளில் இரண்டு படங்கள் உலா வரத் தொடங்கிவிடுகின்றன. ஒன்று, இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில், ஊரே தரைமட்டமாகிக் கிடக்க, நடுவே தனித்து நிற்கும் ஒரு பள்ளிவாசல். மற்றொன்று, இலங்கையின் களுத்துறைக் கடற்கரையை வானிலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படம். பின்வாங்கும் நீரின் சுழிப்பில் 'அல்லாஹ்' எனும் அரபு எழுத்துத் தெரிவதாகச் சொல்லி அதைப் பகிர்கிறார்கள். பார்ப்பவர் "சுப்ஹானல்லாஹ்" என்கிறார், அடுத்தவருக்கு அனுப்புகிறார், அத்துடன் ஆழிப்பேரலை பற்றிய நம் கல்வி முடிந்துவிடுகிறது.

இப்படங்களைப் பகிர்வோரின் ஈமானை நாம் குறை கூறவில்லை. வானத்திலும் பூமியிலும் கடலிலும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் உள்ளன என்பதில் ஐயம் ஏது? ஆனால் அத்தாட்சி என்பது வியந்துவிட்டுக் கடந்து போவதற்கன்று. சிந்தித்துப் படிப்பினை பெறுவதற்கு. அந்தப் படங்களில் உண்மையாகவே இருக்கும் படிப்பினையை நம் சமுதாயம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

படங்கள் உண்மையில் சொல்வது என்ன?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்ராவின் மேற்குக் கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அச்சேயின் கரையை அலைகள் அரை மணி நேரத்துக்குள்ளாகவே அடைந்துவிட்டன. ஆனால் இலங்கையின் கிழக்குக் கரைக்கும் தமிழகக் கரைக்கும் அவை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆயின. இந்த இரண்டு மணி நேரத்தை நினைவில் நிறுத்துங்கள். பெரும்பாலான இடங்களில் நீர் உட்புகுந்த தொலைவு ஓரிரு கிலோமீட்டருக்குள்தான். அரை மணி நேரம் நடந்திருந்தாலே பல்லாயிரம் பேர் பிழைத்திருக்கக்கூடும். சொல்வதற்கு அன்று ஆளில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பும் இல்லை. தமிழகத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேரும், இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என நம் மக்கள் செறிந்து வாழும் ஊர்களைக் கொண்ட அம்பாறை மாவட்டத்தில் மட்டும் இறந்தோர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது.

இப்போது களுத்துறைப் படத்துக்கு வருவோம். அது அன்று காலை 10.20 மணியளவில், அலை தாக்கிச் சற்று நேரத்தில் எடுக்கப்பட்டது. சுமத்ராவிலிருந்து கிழக்கே தாய்லாந்தை நோக்கிச் சென்ற அலையில் பள்ளம் முன்னே போனது; அதனால் அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே நம் பக்கம் வந்த அலையில் முகடு முன்னே வந்தது. எனவே இலங்கையிலும் தமிழகத்திலும் கடல் முதலில் ஏறியது. பிறகுதான் வெகுதூரம் பின்வாங்கியது. மீண்டும் வந்தபோது பல இடங்களில் முன்னதைவிடப் பெரிதாக வந்தது. களுத்துறைப் படத்தில் காணும் சுழிப்பு, அந்தப் பின்வாங்கலின் சுழிப்பு. கடலடித் தரை வெளிப்பட்ட அந்த நிமிடங்களில் வேடிக்கை பார்க்கவும் மீன் பொறுக்கவும் கடலை நோக்கிப் போனவர்கள் உண்டு. ஓட வேண்டிய நிமிடங்கள் அவை. "ஓடு" என்று கடல் சொல்லிக்கொண்டிருந்த தருணத்தைப் படமாக வைத்துக்கொண்டு நாம் அதில் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"கடல் உள்வாங்கினால் சுனாமி" என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதும் பாதிப் பாடமே. கடல் முதலில் ஏறவும் கூடும். முதல் அலை வடிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணி வீட்டுக்குத் திரும்புவதே பலரைக் கொன்றது. அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மணிக்கணக்கில் வரும்.

பள்ளிவாசல் படத்துக்கும் வருவோம். அச்சேயின் லம்புக் ஊரில் இறையில்லம் நின்றது உண்மை. அல்லாஹ்வின் நாட்டமின்றி ஒரு செங்கல்லும் நிலைக்காது என்பதும் நம் அகீதா. தடித்த தூண்களும், நீர் புகுந்து வெளியேறத் திறந்த கூடங்களும் கொண்ட கட்டடங்கள் அலையைத் தாங்கின; நான்கு புறமும் சுவர் அடைத்த வீடுகள் சரிந்தன. காரணங்களைப் படைத்தவனும் அவனே. அச்சேயில் இடிந்துபோன பள்ளிவாசல்களும் பல உண்டு; அவற்றின் படங்களை யாரும் பகிர்வதில்லை. நாம் கேட்பது வேறொரு கேள்வி. அந்த லம்புக் பள்ளியில் முன்தினம் இஷா தொழுத வரிசைகள் எங்கே? கட்டடம் நின்றது, ஊர் மக்களில் மிகப் பெரும்பாலோர் போய்விட்டனர். ஒரு முஃமினுடைய உயிரின் கண்ணியம் சுவரின் கண்ணியத்தைவிடக் குறைந்ததா?

விதியைக் கேடயமாக்குவோருக்கு

"அஜல் வந்துவிட்டால் ஒரு நொடி முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது, பிறகு ஓடி என்ன பயன்?" என்று நம் பயான்களில் சொல்லப்படுவதைக் கேட்கிறோம். முதற்பாதி குர்ஆனின் போதனை. இரண்டாம் பாதி சொல்பவரின் சொந்தச் சரக்கு.

உமர் (ரலி) அவர்கள் படையுடன் ஷாம் தேசம் நோக்கிச் சென்றபோது, சர்ஃ எனுமிடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. ஆலோசித்தார்கள், திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால் செல்கிறோம் எனும் கருத்துப்பட உமர் (ரலி) விடையளித்ததை புகாரீ, முஸ்லிம் இரண்டும் பதிவு செய்துள்ளன. பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமையாகவும் மறுசரிவு வறண்டும் இருந்தால், எங்கே ஒட்டகத்தை மேய்த்தாலும் அது விதிப்படியே அல்லவா என்று உவமையும் சொன்னார்கள். கடலோரத் தெருவில் நிற்பதும் விதி என்றால், மேட்டுக்கு ஏறுவதும் விதியே. இரண்டில் எதைத் தேர்ந்தோம் என்பது பற்றியே நாளை விசாரணை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை மக்தபில் ஓதும் சிறுவனும் அறிவான். தம் கைகளாலேயே தம்மை அழிவில் தள்ளிக்கொள்வதை இறைமறை (2:195) தடுக்கிறது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் ஒன்று. இவற்றை அறிந்த பின்னும் ஓடாதிருப்பதைத் தவக்குல் என்று அழைப்பது, சோம்பலுக்குத் தலைப்பாகை கட்டுவதாகும்.

மற்றொரு வாதமும் உண்டு. "நூஹ் நபி (அலை) அவர்களின் மகன் மலையில் ஏறிப் பிழைப்பேன் என்றானே, பிழைத்தானா?" என்பார்கள். அவனுடைய குற்றம் மலை ஏறியதன்று. எச்சரித்த தூதரை மறுத்ததும், ஏறச் சொன்ன கப்பலில் ஏறாததும்தான் குற்றம். நம்பியவர்களையும் அல்லாஹ் வெறுங்கையுடன் வெள்ளத்தில் நிறுத்தவில்லை. பலகையும் ஆணியும் கொண்ட கப்பலைக் கட்டச் செய்தான் (54:13). இச்சம்பவத்தில் எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தோர் பிழைத்தனர், சாய்க்காதோர் மூழ்கினர். அப்படியிருக்க, எச்சரிக்கையை அலட்சியம் செய்வதற்கு இதையே ஆதாரமாக்குவது எவ்வளவு பெரிய தலைகீழ்!

"நீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீத் ஆயிற்றே" என்றும் சிலர் கூறுவர். மெய்தான், நபிமொழி அப்படியே கூறுகிறது. அதே நபிமொழி கொள்ளைநோயில் இறப்பவரையும் ஷஹீத் என்கிறது. எனினும் உமர் (ரலி) கொள்ளைநோய் பூமிக்குள் நுழையவில்லை. ஷஹாதத் என்பது தப்ப முடியாமல் மாண்டவருக்கு ரப்புல் ஆலமீன் அளிக்கும் ஆறுதல். தப்ப முடிந்தவர் தாமதிக்க அளிக்கும் அனுமதியன்று.

இதே நபிமொழி இன்னொரு கூட்டத்தின் வாயையும் அடைக்கிறது. "பாவங்கள் பெருகியதால் வந்த தண்டனை" என்று மாண்டோரைச் சுட்டிப் பேசுவோர் இன்றும் மேடைகளில் இருக்கிறார்கள். நம் கைகள் சம்பாதித்தவற்றால் துன்பம் வரும் எனும் வசனம் (42:30) ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கணக்குப் பார்ப்பதற்கு. அடுத்தவரின் மய்யித்தின் மீது தீர்ப்பு எழுதுவதற்கன்று. நபி (ஸல்) அவர்கள் ஷஹீத் என்று சிறப்பித்த மவ்த்தைத் தண்டனை என்று அறிவிக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சாய்ந்தமருதுக் கரையில் மாண்ட மூன்று வயதுப் பிள்ளை எந்தப் பாவத்துக்குத் தண்டனை பெற்றது?

ஒரு தீவு கற்ற பாடம்

அச்சே மாநிலத்தைச் சேர்ந்ததே சிமெலுவே தீவு. அங்குள்ளோரும் நம்மைப் போல் கலிமாச் சொன்னவர்களே. 1907-இல் ஒரு பேரலை அத்தீவில் பெரும் உயிர்ச்சேதம் விளைவித்தது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டார்கள். நிலம் பலமாக நடுங்கி, கடல் உள்வாங்கினால், உடைமைகளை விட்டுவிட்டு மலைக்கு ஓடு என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குக் கடத்தினார்கள். தொண்ணூற்றேழு ஆண்டுகள் அந்தப் பாடம் நாவிலிருந்து நாவுக்குச் சென்றது. 2004-இல் அத்தீவின் வடகரையை அலை பத்து நிமிட அளவில் அடைந்தது. எந்தக் கருவியும் எச்சரிக்கவில்லை. "ஸ்மோங்" என்ற கூக்குரல் ஒன்றே எச்சரித்தது. ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தோர் 7 பேர்.

பத்து நிமிடம் இருந்த தீவில் ஏழு பேர். இரண்டு மணி நேரம் இருந்த நம் கரைகளில் பல்லாயிரம். அத்தீவினரிடம் ஒரு சொல் இருந்தது, நம்மிடம் இல்லை. இந்த வேறுபாட்டை எவ்விதப் பயானாலும் மூடி மறைக்க முடியாது.

அதே வேளையில் அவர்களுடைய பாடத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. சுமத்ராவில் நிலம் நடுங்கினால் நம் கரையில் பலருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே நமக்குரிய 'ஸ்மோங்' என்பது அதிகாரப்பூர்வ எச்சரிக்கையும், கடலின் வழக்கத்துக்கு மாறான ஏற்ற இறக்கமும்தான். ஹைதராபாதில் உள்ள இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது. கடலடி நடுக்கம் ஏற்பட்ட சில நிமிடங்களில் அதன் அறிவிப்பு வெளியாகும். மாவட்டத் தலைநகர் வரை வரும் அந்தச் செய்தியைக் கடற்கரைத் தெருவின் கடைசி வீடு வரை கொண்டு சேர்ப்பது யார்?

இதற்கு நம் கரையிலேயே விடை இருக்கிறது. புதுச்சேரியின் நல்லவாடு மீனவக் கிராமத்துக்கு அன்று காலை சிங்கப்பூரிலிருந்து அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்திலிருந்த ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊர் உயிர் தப்பியது. ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, அவ்வளவே. நம் கடலோர ஊர்களில் எந்தத் தெருவுக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி எட்டாமலிருக்கிறது? பாங்கு சொல்லவும் மவ்த் அறிவிக்கவும் பயன்படும் அந்தக் கருவியில், மவ்த்தைத் தடுக்கும் அறிவிப்பைச் செய்யும் முறையை எத்தனை நிர்வாகங்கள் எழுதி வைத்திருக்கின்றன?

யார் மாண்டார்கள்?

ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி கடலூர் மாவட்டத்தில் மாண்ட பெண்கள் 391, ஆண்கள் 146. அச்சே பெசார் மாவட்டத்தில் ஆய்வு செய்த நான்கு கிராமங்களில் பிழைத்தவர் 676 பேர். அவர்களுள் பெண்கள் 189 பேரே. அம்பாறை மாவட்ட முகாம்களில் நடந்த ஆய்விலும் பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களுடையதைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சிறு பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம்.

காரணங்கள் மறைவானவை அல்ல. பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. நீந்தவும் மரமேறவும் அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நீண்ட உடை காலைச் சுற்றியது. ஆண்களில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே அலை படகுக்குக் கீழே கடந்து போய்விடும்.

இங்கேதான் மார்க்கம் கற்ற நம்மைப் போன்றோரின் பொறுப்பு வருகிறது. வாப்பா வரட்டும், மாப்பிள்ளை வரட்டும் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு, உயிருக்கு ஆபத்து எனும்போது யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை ஆலிம்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இத்தாவில் இருக்கும் பெண், உயிருக்கோ வீட்டுக்கோ ஆபத்து நேர்ந்தால் வெளியேறலாம் என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். இதைப் பல வீடுகளில் பெண்கள் அறியார். முக்காடு தேடித் தாமதிப்பதைவிடக் கையில் கிடைத்த துணியுடன் ஓடுவதே கடமை. நிர்ப்பந்தம் தடைகளைத் தளர்த்தும் என்பது ஃபிக்ஹின் பால பாடம். நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றத் தொழுகையை முறிக்க வேண்டும் என்று இரு மத்ஹபுகளின் அறிஞர்களும் எழுதியிருக்க, ஜும்ஆ வேளையில் எச்சரிக்கை வந்தால் கத்தீப் குத்பாவை நிறுத்தி மக்களை வெளியேற்றுவாரா, முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்பாரா? இந்தக் கேள்வியை இன்றே கேட்டு வைக்க வேண்டும். அலை வந்த பின் ஃபத்வா தேட நேரமிராது.

வாகனமும் வதந்தியும்

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் மீண்டும் 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. பண்டா அச்சே நகரில் மக்கள் இருசக்கர வாகனங்களிலும் கார்களிலும் ஒரே நேரத்தில் புறப்பட்டார்கள், சாலைகள் அடைத்துக்கொண்டன. அன்று நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. எழுந்திருந்தால் அந்த நெரிசலே புதைகுழியாகியிருக்கும். ஏழு ஆண்டுகளுக்கு முன் மாபெரும் இழப்பைக் கண்ட நகரத்துக்கே இந்நிலை என்றால், ஒரு முறையேனும் ஒத்திகை பார்க்காத நம் குறுகிய தெருக்களின் நிலை என்ன? நடக்கக் கூடியவர் நடந்தே செல்ல வேண்டும். வாகனம் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியது.

வதந்தி மற்றொரு கேடு. "இன்ன தேதியில் சுனாமி வரும்" என்று யாரோ எழுதியதை ஆராயாமல் அனுப்புவோர் நம்மிடையே அதிகம். நிலநடுக்கத்தை நாள் குறித்து முன்னறியும் கலை மனிதரிடம் இல்லை. அச்சம் தரும் செய்தி வந்தால் அதைப் பரப்பாமல் பொறுப்பும் அறிவும் உள்ளோரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என இறைமறை (4:83) போதிக்கிறது. பொய் எச்சரிக்கையைப் பத்து முறை பரப்பியவர், மெய்யான எச்சரிக்கை வரும்போது ஊரை நம்பாதபடி செய்துவிடுகிறார். அந்த இறப்புகளில் அவருக்கும் பங்குண்டு.

செய்ய வேண்டியவை

பேரலை வடிந்த பின் நம் சமுதாயம் காட்டிய ஈகையை வரலாறு அறியும். பறங்கிப்பேட்டை ஜமாஅத்தார் பாதிக்கப்பட்ட மீனவ மக்களைச் சமயம் பாராமல் அரவணைத்து உணவளித்தார்கள். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் மய்யித்தைச் சுமக்கும் தோள்கள் நம்மிடம் உள்ள அளவுக்கு, உயிருடன் இருப்பவரைக் கைப்பிடித்து மேட்டுக்கு அழைத்துச் செல்லும் கால்கள் இல்லை. ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவரைப் போன்றவர் (5:32) எனும் வசனத்தை நன்கொடைத் துண்டறிக்கைகளில் மட்டும் அச்சடிப்பது போதாது.

ஆகவே கடலோர மஹல்லா நிர்வாகங்களிடம் கேட்கிறோம். எச்சரிக்கை வந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யார் பேசுவார், என்ன சொல்வார், மின்சாரம் இல்லையேல் என்ன செய்வார் என்பதை எழுதி மிஹ்ராபுக்கு அருகில் மாட்டுங்கள். முஸ்லிம்களுக்கு மட்டுமல்லாமல் பக்கத்துக் குப்பத்துக்கும் அந்தக் குரல் எட்ட வேண்டும். தனித்திருக்கும் முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பட்டியலை வைத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து நடந்து பார்க்கும் ஒத்திகை நடத்துங்கள்.

மதரஸாக்களுக்கும் கூறுகிறோம். ஒளூவின் ஃபர்ளுகளைப் பிள்ளை மனனம் செய்வது போல, கடல் மாறினால் எந்தத் தெரு வழியாக எங்கே ஏறுவது என்பதையும் மனனம் செய்யட்டும். அது துன்யாவின் பாடம், தீனின் பாடமன்று என்று பிரிக்காதீர்கள்.

குடும்பங்களுக்கும் கூறுகிறோம். எங்கே சந்திப்பது என்பதை இன்றிரவே பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளை பள்ளிக்கூடத்திலும் தந்தை கடையிலும் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால், ஒருவரையொருவர் தேடிக் கடலை நோக்கி வராமல் அவரவர் மேட்டுக்குச் செல்வதென்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நகைக்காகவும் பத்திரங்களுக்காகவும் திரும்பாதீர்கள். திரும்பலாம் என்று அதிகாரிகள் அறிவிக்கும் வரை ஏறிய இடத்திலேயே இருங்கள்.

அடுத்த டிசம்பரில் அந்தப் படங்கள் மீண்டும் வரும். அனுப்பியவரிடம் பணிவுடன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் தெருவிலிருந்து மேட்டுக்குப் போகும் வழி உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?"

மாண்ட நம் உறவுகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷஹீதுகளின் அந்தஸ்தை வழங்குவானாக. எஞ்சியிருக்கும் நமக்கு, கட்ட வேண்டிய ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அவனை நம்பும் தெளிவைத் தருவானாக. ஆமீன்.